ஐந்து பேரேடு இருக்கிறது, இருப்பாய்வு எங்கே?

தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்பு முடித்த ஒரு பிள்ளைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

கல்வித்துறையிடம் கேட்டால் பதில் ரெடி. வகுப்பு வாரியாக, பாடம் வாரியாக "கற்றல் விளைவுகள்" என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். தமிழில் ஒரு பத்தியைப் படித்துப் பொருள் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியம் அமைக்க வேண்டும். கணக்கில் எண்கள், வடிவியல், அமைப்புகள், அளவைகள், தகவல் செயலாக்கம். ஒன்று, இரண்டாம் வகுப்பில் சூழ்நிலையியல் என்று ஒரே பாடமாக இருப்பது மூன்றாம் வகுப்பில் அறிவியல், சமூக அறிவியல் என்று இரண்டாகப் பிரியும். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. நன்றாகத்தான் இருக்கிறது.

தனியாக எடுத்துப் பார்ப்பதில்தான் வில்லங்கமே.

காமர்ஸ் ஆட்களுக்குச் சட்டென்று விளங்கும்படி சொன்னால் (மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்), பேரேட்டில் எத்தனை கணக்கு வேண்டுமானாலும் எழுதலாம். எழுதிய கணக்கெல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்கக் கடைசியில் இருப்பாய்வு எடுக்கவேண்டும். அது இல்லாவிட்டால் எழுதியது எல்லாம் வெறும் மை. தொடக்கப்பள்ளியில் ஐந்து பாடத்துக்கு ஐந்து பேரேடு போடுகிறார்கள். இருப்பாய்வு எடுப்பதற்கு மட்டும் ஆளே இல்லை!

புதுக்கோட்டை மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். 13 ஒன்றியம், நூற்றுக்கணக்கில் ஊராட்சி. ஆற்றுப் பாசனம் கொஞ்சம், மழையை நம்பிய கண்மாய்கள் ஏராளம். சோழர் காலத்துக் குமிழித்தூம்பு இன்றும் நிற்கிற கண்மாய்கள் இங்கே உண்டு. கண்மாய்க்குள் கல் தூண் இரண்டு நட்டு, அடியில் துளை வைத்து, தண்ணீரையும் வண்டலையும் அளவாக வெளியே விட்ட ஏற்பாடு அது. சில தூண்களில் அதைச் செய்துகொடுத்தவர் யார் என்று கல்வெட்டும் இருக்கும். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில்தான் கண்மாய்க்கரை.

இப்போது அந்தப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு அந்தக் கண்மாய் எந்தப் பாடத்தில் வரும்? தண்ணீர், மண், மீன் என்றால் அறிவியல். சோழர் என்றால் சமூக அறிவியல். மடை, கலுங்கு, வாய்க்கால் என்பவை சொற்கள், அதனால் தமிழ். கொள்ளளவு என்றால் கணக்கு. நாலு பாடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் வரவேண்டிய கண்மாய் கடைசியில் ஒன்றிலும் வராமல் போகிறது. பிள்ளை கணக்குப் பாடத்தில் ஜாடியில் லிட்டர் ஊற்றுகிறது. அறிவியலில் நீர்ச்சுழற்சிப் படம் வரைந்து அம்புக்குறி போடுகிறது. சமூக அறிவியலில் மூவேந்தர் கொடிகளை மனப்பாடம் பண்ணுகிறது. சாயங்காலம் கண்மாய்க்கரையில் விளையாடுகிறது. இந்த நான்கும் ஒரே விஷயம் என்று அதற்குச் சொல்ல எந்த பீரியடும் ஒதுக்கப்படவில்லை.

"சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் அதிகம்" என்று சிலர் சொல்வார்கள். அதிகம் இல்லை. ஊர்க் கண்மாயில் மீன்பாசி ஏலம் நடக்கும்போது யார் எவ்வளவு கேட்டார்கள், ஏலம் எடுத்தவருக்கு லாபமா நஷ்டமா என்று நாலாம் வகுப்புப் பையன் டீக்கடையில் நின்று கேட்டுவிட்டு வருவான். கூட்டல் கழித்தல் அவனுக்கு அங்கே தடையாக இருப்பதில்லை. அதே கூட்டல் கழித்தலைப் புத்தகத்தில் "ரவியிடம் 4,350 ரூபாய் இருந்தது" என்று கேட்டால் பேந்தப் பேந்த விழிப்பான். ரவி யார், அவனுக்கு ஏன் அவ்வளவு பணம் என்பதே அவனுக்குத் தெரியாதே :-)

பள்ளிக்கூடம் மீட்டரிலும் கிலோகிராமிலும் பேசுகிறது. ஊர் அடியிலும் சென்ட்டிலும் பேசுகிறது. தாலுகா ஆபீஸ் கொடுக்கிற பட்டாவோ ஹெக்டேரிலும் ஏரிலும் பேசுகிறது. ஒரு ஏக்கர் என்றால் 100 சென்ட். ஹெக்டேரில் சொன்னால் ஏறக்குறைய 0.405. சென்ட்டிலிருந்து ஹெக்டேருக்குப் போகிற இந்தப் பாதை தெரியாத குடும்பங்களின் முதுகில்தான் புரோக்கர்கள் சவாரி செய்கிறார்கள். நூறு நாள் வேலையில் பாருங்கள். கண்மாயில் மண் வெட்டினால் குழியின் நீளம், அகலம், ஆழம் அளந்து அதற்குத் தக்கபடிதான் கூலி போட்டார்கள். பத்தடிக்குப் பத்தடி, ஓரடி ஆழம் வெட்டினால் நூறு கன அடி. டேப்பின் ஒரு முனை மேற்பார்வையாளர் கையில். மறுமுனை இருக்கிற இடத்தில் எந்த எண் விழுகிறது என்று எட்டிப் பார்க்கத் தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? அதில் பலரும் "அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேன்" என்று சொல்கிறவர்கள்தான். "அளவைகள்" பாடத்தை முடித்தவர்கள்.

இதே மாவட்டத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு காரியம் நடந்து காட்டியிருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல்.

1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். படிக்க வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். விவசாயக் கூலிகள், கல்குவாரியில் கல் உடைத்தவர்கள். பகலெல்லாம் வேலை, ராத்திரி சிம்னி விளக்கில் பாடம். அங்கே தமிழ் ஒரு பீரியட், கணக்கு ஒரு பீரியட் என்று மணி அடிக்கவில்லை. கூலி எவ்வளவு, சட்டப்படி எவ்வளவு வரவேண்டும், மனு எப்படி எழுதுவது, பஸ்ஸில் போர்டு என்ன... இதுதான் பாடம். எழுத்தும் எண்ணும் அதற்குள்ளேயே வந்து விழுந்தன.

கூடவே சைக்கிள்! எழுத்தறிவுத் திட்டத்தில் சைக்கிள் எதற்கு என்று அன்றைக்கும் பலர் சிரித்தார்கள். மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள் என்று பி. சாய்நாத் எழுதினார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து, பாருள்ள ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். பாரில் பிள்ளையை உட்காரவைக்க அது வசதியாகவும் போயிற்று. பஸ் வருகிற நேரத்துக்குக் காத்திருக்காமல் சந்தைக்குப் போகலாம், குடத்தில் தண்ணீர் கொண்டுவரலாம், பக்கத்து ஊரில் காய் விற்கலாம். குவாரிகளைப் பெண் தொழிலாளர் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டதும் அந்தக் காலத்தில்தான். குத்தகைக் கணக்கு தெரியாமல் குவாரி நடத்த முடியுமா? படிப்பு எங்கே முடிந்து பிழைப்பு எங்கே தொடங்கியது என்று கோடு கிழிக்க முடியாத நிலை அது.

முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று 1992-ல் அறிவித்தார்கள். அந்த அறிவிப்பை அப்படியே நம்பவேண்டியதில்லை. அரசாங்க அறிவிப்பில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் கலந்திருக்கும். படித்ததை மறந்தவர்களும் உண்டு. ஆனால் எதை மறந்தார்கள் என்று பார்த்தால், பயன்படாத எழுத்தை மறந்தார்கள். சைக்கிளை மறக்கவில்லை.

இன்னொரு கூத்து. சாய்நாத்தின் அந்தச் சைக்கிள் கட்டுரை ஹிந்தியில் போய், என்.சி.இ.ஆர்.டி.யின் எட்டாம் வகுப்பு ஹிந்திப் புத்தகத்தில் பல வருஷம் பாடமாக இருந்தது. டெல்லியிலும் லக்னோவிலும் பிள்ளைகள் புதுக்கோட்டைப் பெண்களைப் பற்றிக் கேள்வி பதில் எழுதி மார்க் வாங்கினார்கள். அந்தப் பெண்கள் படித்த முறையை அவர்களுடைய பேரப்பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்குக் கொண்டுவர வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றவில்லை.

மாற்றமே நடக்கவில்லை என்றும் சொல்லமுடியாது. மாற்றத்துக்குப் பஞ்சமே இல்லை! 2007-08-ல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தது. பெஞ்சை எடுத்துவிட்டுப் பாய் விரித்தார்கள், அட்டை, ஏணிப்படி, பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப்பந்தல். உண்மையில் அழகான யோசனை. ஆனால் ஏணியும் பாடத்துக்கு ஒன்றாகத்தான் இருந்தது. தமிழ் ஏணியில் ஏறின பிள்ளை இறங்கிவந்து கணக்கு ஏணியில் முதலிலிருந்து ஏறவேண்டும். 2010-ல் சமச்சீர் கல்விச் சட்டம். 2011-ல் ஆட்சி மாறி, புத்தகம் கோர்ட்டுக்குப் போய், ஆகஸ்ட் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லும்வரை பிள்ளைகள் புத்தகம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். 2012-13-ல் முப்பருவ முறை. பையின் கனத்தைக் குறைக்கிறோம் என்று தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரு புத்தகமாகவும், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் மூன்றையும் இன்னொரு புத்தகமாகவும் கட்டிக் கொடுத்தார்கள். பாடங்களை ஒன்று சேர்த்ததில் தமிழ்நாடு அதிகபட்சமாகப் போன தூரம் அதுதான். சேர்த்தது பைண்டிங் பசை!

அப்புறம் 2018-ல் புதிய புத்தகங்கள். படங்களும் தாளும் கியூஆர் கோடும் பிரமாதம், அதைப் பாராட்டத்தான் வேண்டும். 2019-ல் ஐந்தாம் வகுப்புக்கே பொதுத்தேர்வு என்றார்கள். பத்து வயசுப் பிள்ளைக்கு! எதிர்ப்பு கிளம்பி 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டார்கள். 2022-23-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புக்கு வந்து, அடுத்த வருஷம் நான்கு, ஐந்துக்கும் நீண்டது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கொரோனாவில் பள்ளி மூடிக்கிடந்த பிறகு அது தேவைதான். மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த பிள்ளைகள் 2018-ல் சுமார் 10 சதவீதம், 2022-ல் சுமார் 5 சதவீதம் என்று ஏசர் கணக்கெடுப்பு சொன்னது. 2024-ல் அது மறுபடி ஏறியது. நல்லது.

ஆனால் இதைக் காட்டியே ஒரு வாதம் வைக்கிறார்கள். "முதலில் வாசிக்கட்டும், எண்ணட்டும். கண்மாய், கல்வெட்டு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பது அந்த வாதம். கேட்க நியாயமாக இருக்கும். உண்மையில் தலைகீழ். எதை வாசிக்க, எதை எண்ண? வாசிப்பதற்கு ஒரு காரணம் இருந்தால்தான் வாசிப்பு நிற்கும் என்பதைத்தான் அறிவொளி காட்டியது. வயலில் முதுகு ஒடிய நட்டுவிட்டு வந்த நாற்பது வயதுப் பெண்ணுக்கே "இதைப் படித்தால் கூலிச் சீட்டு புரியும்" என்ற காரணம் தேவைப்பட்டது. ஏழு வயதுப் பிள்ளைக்கு மட்டும் "படி, ஏனென்றால் பாடத்தில் இருக்கிறது" என்பது போதுமா?

அடுத்த எதிர்ப்பு கொஞ்சம் கனமானது. அதைத் தாண்டிப் போகமுடியாது. "ஊர்த் தொழிலையும் ஊர்க் கண்மாயையும் பாடமாக்கினால் அது குலக்கல்விதானே?" என்பார்கள். இந்த மண்ணில் அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. 1953-ல் ராஜாஜி தொடக்கக் கல்வியைப் பாதி நேரமாக்கி, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றார். ஊரே கொதித்தது. 1954-ல் அவர் பதவியிலிருந்து இறங்க, அந்தத் திட்டமும் போயிற்று. போனது நல்லதுதான்.

குலக்கல்வி என்ன செய்தது என்று யோசித்தால் வித்தியாசம் விளங்கிவிடும். அது பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியே அனுப்பியது. கல் உடைக்கிறவர் பிள்ளை கல்லுக்கு, வண்ணார் பிள்ளை துறைக்கு, மற்றவர் பிள்ளை ஆபீஸுக்கு. இங்கே கேட்பது அதற்கு நேர் மாறானது. கல்குவாரியைப் பள்ளிக்குள் கொண்டுவா, எல்லாப் பிள்ளைக்கும் கொண்டுவா. குவாரி முதலாளி பிள்ளையும் கல் உடைக்கிறவர் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரு லோடு ஜல்லி என்ன விலை, அதில் உடைத்தவருக்கு எவ்வளவு, லாரிக்கு எவ்வளவு, மீதி யாருக்கு என்று வகுத்தல் கணக்குப் போடட்டும். இது குலக்கல்வி என்றால் முதலில் அலறப்போவது குவாரி முதலாளியாகத்தான் இருக்கும்.

சமச்சீர் என்ற சொல்லுக்கும் இதில் பங்கம் இல்லை. கன்னியாகுமரிப் பிள்ளையும் திருத்தணிப் பிள்ளையும் ஒரே அளவு கற்கவேண்டும் என்பதுதான் சமச்சீர். இருவரும் ஒரே ரவியின் ஒரே 4,350 ரூபாயை எண்ணவேண்டும் என்பதில்லை. நாலாம் வகுப்பில் ஐவகை நிலம் படிக்கிறார்கள். மணமேல்குடிப் பிள்ளைக்கு நெய்தல் என்றால் வீட்டு வாசல். வடகாடு, கீரமங்கலம் பக்கத்துப் பிள்ளைக்குப் பலாமரமும் பூந்தோட்டமும். ஆதனக்கோட்டைப் பிள்ளைக்கு ரோட்டோரம் வறுக்கிற முந்திரி. வேறு சில ஊர்ப் பிள்ளைக்குக் கண்ணுக்கெட்டின தூரம் வனத்தோட்டக் கழகத்தின் தைலமரம். இந்தத் தைலமரக் காடு குறிஞ்சியா, முல்லையா, பாலையா என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்டால் அதுதான் அந்தப் பாடத்தின் உச்சம். ஆனால் அந்தக் கேள்விக்கு மார்க் கிடையாது.

இவ்வளவும் பாடத்தின் சுவை பற்றிய விஷயம் மாதிரித் தெரியலாம். இல்லை. 2022 டிசம்பரில் இதே மாவட்டத்தில் வேங்கைவயலில் என்ன நடந்தது என்பது நாட்டுக்கே தெரியும். பட்டியலின மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு. குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகுதான் விஷயமே வெளியே வந்தது. விசாரிக்கப் போன அதிகாரிகள் அங்கேயே டீக்கடையில் இரட்டைக் குவளையையும், கோயிலுக்குள் விடாத வழக்கத்தையும் கண்ணால் பார்த்தார்கள்.

இப்போது பாடத்திட்டத்தை எடுத்து விரித்துவைத்து, இந்தச் சம்பவம் எந்தப் பாடத்துக்குள் வரும் என்று தேடுங்கள். அறிவியலில் சுத்தமான குடிநீர் வரும், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்வார்கள். அங்கே சாதி இல்லை. சமூக அறிவியலில் உள்ளாட்சி வரும், தொட்டி கட்டுவது யார் வேலை என்று சொல்வார்கள். அங்கே கிருமி இல்லை. தீண்டாமைக்கு எதிரான வாசகம் எங்கே இருக்கிறது? பாடநூல் கழகத்தின் புத்தகங்களில் முன்பக்கத்தில், முதல் பாடம் தொடங்குவதற்கு முன்னால் இருக்கிறது. எந்தப் பாடத்துக்கும் சொந்தமில்லாத பக்கத்தில்! அந்தப் பக்கத்துக்குக் கற்றல் விளைவு கிடையாது, பீரியட் கிடையாது, கேள்வி கிடையாது. அட்டை போடும்போது பிள்ளை பார்ப்பதோடு சரி.

வாழ்க்கையில் பெரிய விஷயங்கள் எல்லாம் இப்படித்தான் இரண்டு பாடத்துக்கு நடுவில் விழுந்துகிடக்கின்றன. தண்ணீருக்கும் சாதிக்கும் நடுவில், கணக்குக்கும் கூலிக்கும் நடுவில், கல்வெட்டுக்கும் பட்டாவுக்கும் நடுவில். பாடங்களைத் தனித்தனிப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் அவை பெட்டிக்கு வெளியேதான் கிடக்கும்.

"ஆசிரியர்கள் பாவம், ஏற்கெனவே எமிஸ் பதிவிலேயே பாதி நாள் போகிறது" என்பது மூன்றாவது எதிர்ப்பு. முழு உண்மை. அதனால்தான் இது அவர்களுக்குச் சுமையைக் குறைக்கிற யோசனை. மேல்நிலைப் பள்ளியில் கணக்குக்கு ஒருவர், அறிவியலுக்கு ஒருவர் இருப்பார், அங்கே பாடங்களைச் சேர்ப்பது கஷ்டம். தொடக்கப்பள்ளியில்? ஈராசிரியர் பள்ளியில் இரண்டே பேர் ஐந்து வகுப்புக்கும் எல்லாப் பாடமும் எடுக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பு அழ, மூன்றாம் வகுப்பு அடித்துக்கொள்ள, ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடக்கும். தமிழ் டீச்சர், கணக்கு டீச்சர் என்ற சுவரே அங்கே கிடையாது. சுவர் பாடக்குறிப்பேட்டிலும் மதிப்பீட்டுப் படிவத்திலும் மட்டும்தான் இருக்கிறது. ஐந்து வகுப்பையும் ஒன்றாகக் கண்மாய்க்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனால், ஒன்றாம் வகுப்பு கொக்கை எண்ணும், மூன்றாம் வகுப்பு மடை எந்தத் திசையில் என்று சொல்லும், ஐந்தாம் வகுப்பு கரையை அளந்து எழுதிவரும். ஒரே மத்தியானத்தில் ஐந்து பாடமும் முடியும். ஆனால் அதைப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று தெரியாமல் நல்ல ஆசிரியர்கூட வகுப்பிலேயே இருந்துவிடுவார்.

2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளிவந்தபோது பேச்செல்லாம் பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு இனி இல்லை என்பதைப் பற்றித்தான். டிவியில் விவாதம், பேப்பரில் தலையங்கம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை என்ன கற்கவேண்டும் என்று யாரும் மேஜையைத் தட்டவில்லை. தொடக்கப்பள்ளிக்கு நீட் இல்லை, கட்-ஆஃப் இல்லை, அதனால் விவாதமும் இல்லை.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. புதுக்கோட்டையிலேயே மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. இப்படிப்பட்ட நிறுவனங்களை மாவட்டந்தோறும் வைத்ததே அந்தந்த இடத்துக்கு ஏற்ற கற்பித்தல் பொருள்களை உருவாக்கத்தான். சென்னையிலிருந்து வருகிற பயிற்சியை அப்படியே மறு ஒலிபரப்புச் செய்வதற்கு இல்லை. அது ஒன்றியத்துக்கு ஒன்றாகப் பதின்மூன்று சிறு பயிற்சி நூல்கள் போடட்டும். மணமேல்குடிக்குக் கடல், அன்னவாசலுக்குச் சித்தன்னவாசல், திருமயத்துக்குக் கோட்டை, எல்லா ஊருக்கும் அவரவர் கண்மாய். மாதத்தில் இரண்டு நாள் பாடவேளைப் பட்டியல் இல்லாமல் இருக்கட்டும். அந்த இரண்டு நாளுக்கு மதிப்பீட்டுப் படிவத்தில் ஒரே ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும். மீன்பாசி ஏல நோட்டீஸ் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கும். அதை ஒரு ஐந்தாம் வகுப்புப் பிள்ளை நின்று வாசித்து, போன வருஷத் தொகையோடு கழித்துப் பார்த்து, அந்தப் பணம் எதற்குச் செலவானது என்று கிராமசபையில் அம்மாவைக் கேட்கச் சொல்லுமா என்பதை அந்தக் கட்டத்தில் நிரப்பட்டும்.